கேட்டைத் தாண்டினால்தான் ரப்பர்

“கித்தான்னு எழுதாதீங்க, இரப்பர்னு எழுதுங்க.” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ் படித்தவர்கள் இந்த அறிவுரையை எங்காவது ஓரிடத்தில் கேட்டிருப்பார்கள். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கித்தா என்பது மலாய்ச் சொல், அதுவும் தோட்டத்து வாயில் திரிந்துபோன சொல், வீட்டில் பேசிக்கொள்ளலாம், தாளில் வரக்கூடாது, இரப்பர்தான் முறையான சொல் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் ஏதோ ஒன்று இடறுகிறது என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எது இடறுகிறது என்பதை ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்குப் பகுபத உறுப்பிலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி என்று சில சொற்களைப் பிரித்துக் காட்டிவிட்டு, ஆளுக்கொரு சொல்லை நீங்களே பிரித்து வாருங்கள் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் அந்தப் பெண்ணின் பாட்டி காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர். பாட்டியைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் கித்தா வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேலே ‘இரப்பர்’ என்று திருத்தித் தந்திருந்தார்கள். அந்தத் திருத்தத்தையே அவள் பிரித்துக்கொண்டு வந்தாள். இர + ப் + ப் + அர். ‘இர’ பகுதி. முதல் ‘ப்’ சந்தி. இரண்டாவது ‘ப்’ எதிர்கால இடைநிலை. ‘அர்’ பலர்பால் வினைமுற்று விகுதி. “சார், இப்படிப் பிரிச்சா பிச்சை கேப்பாங்கன்னு அர்த்தம் வருது. எங்க பாட்டி யாருகிட்டயும் கேட்டதில்லையே” என்றாள்.

அவள் பிரித்தது இலக்கணப்படி சரி. எந்த வாத்தியாரும் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். இரத்தல் என்றால் யாசித்தல். வள்ளுவர் அதற்கு அஞ்சச் சொல்லி இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தமிழ்ச் சொல்லின் முதலில் ரகரம் வராது என்ற விதிக்காக ராமனை இராமன் ஆக்கியதுபோல் ரப்பருக்கும் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் அது தமிழ் வினைமுற்றின் தோற்றத்துக்கு வந்துவிட்டது. இலங்கையில் வல்லின றகரம் போட்டு இறப்பர் என்று எழுதுவார்கள். அதைப் பிரித்தால் ‘இற’ என்ற பகுதி வந்து நிற்கும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வெறும் ரப்பர்தான். முறையான சொல் என்று நமக்குச் சொல்லப்படுவதற்கே மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருக்கின்றன.

ஓசை ஒத்துப்போவது வேர் ஆகாது. இரப்பரில் இரத்தல் இல்லை, இறப்பரில் இறப்பும் இல்லை. இரண்டும் தற்செயல். இதை வைத்துக்கொண்டு பெரிய தத்துவம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் அந்தப் பெண்ணிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேள்வி அதோடு முடியவில்லை. “அப்ப இந்தச் சொல்லுக்கு உண்மையான பகுதி விகுதி எது சார்?” நல்ல கேள்வி. பதில் இங்கிலாந்தில் இருக்கிறது.

அரை அங்குலத்துக்கு மூன்று ஷில்லிங்

ஆங்கிலத்திலும் ரப்பர் பகுபதம்தான். ‘ரப்’ பகுதி, ‘எர்’ விகுதி. ரப் என்றால் தேய். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் புழங்கும் வினை. எர் என்ற விகுதி அதைவிடப் பழையது. லத்தீனில் இருந்த ‘ஆரியுஸ்’ என்ற விகுதியை ஜெர்மானிய மொழிகள் ஆதியிலேயே கடன் வாங்கியதால் வந்தது என்பது மொழியறிஞர்களிடம் பரவலாக இருக்கும் கருத்து. டீச்சர், ரைட்டர், டிரைவர், மேனேஜர் என்று நாம் நாள்தோறும் சொல்கிற சொற்களின் வால் எல்லாம் இதுதான் அல்லது இதோடு கலந்துபோனதுதான். இந்த விகுதி ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். குக்கர் என்றால் சமைக்கும் ஆள் இல்லை, பானை. ரப்பரும் இந்த மரத்தைப் பற்றி இங்கிலாந்துக்காரர்கள் கேள்விப்படுவதற்கு முன்பே அங்கே இருந்த சொல். தேய்க்கிற ஆளையும், தேய்க்கிற துணியையும் பிரஷ்ஷையும் அப்படிச் சொன்னார்கள்.

மரத்துப் பாலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால் பென்சிலால் வந்தது. ஆக்சிஜன் ஆராய்ச்சிக்காக நாம் பாடத்தில் படிக்கிற ஜோசப் பிரீஸ்ட்லி, 1770ல் சித்திரம் வரைபவர்களுக்காக ஒரு நூல் எழுதினார். அதன் முன்னுரையில், பென்சில் கோட்டை அழிக்க மிகப் பொருத்தமான ஒரு பொருளைத் தான் கண்டதாகவும், லண்டனில் நேர்ன் என்ற கருவி வியாபாரியிடம் அது கிடைக்கிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறார். அரை அங்குல அளவுக் கட்டி மூன்று ஷில்லிங், பல வருடம் உழைக்கும். அதுவரை பென்சில் கோட்டை அழிக்க ரொட்டித் துண்டைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் குறிப்பில் ரப்பர் என்ற பெயர் இல்லை. தேய்த்தால் அழிக்கிற பொருள் என்பதால் அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்தப் பொருளிலிருந்து டயர் வந்தது, குழாய் வந்தது, செருப்பு வந்தது, கையுறை வந்தது. பென்சிலை அழித்த காலத்துப் பெயர் மட்டும் மாறவே இல்லை.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒரு பையன் உடனே கேட்டான்: “அழிப்பானா சார்?” ஆமாம், அதேதான். பென்சில் பெட்டியில் இருப்பதைத் தமிழ்ப்பள்ளியில் அழிப்பான் என்று சொல்லித்தருகிறோம். அழி + ப் + ப் + ஆன். பகுதியோடு விகுதி சேர்ந்து, அழிக்கின்ற ஒன்று என்று பொருள் தருகிறது. வினைமுற்றாகப் பார்த்தால் ‘அவன் அழிப்பான்’ என்று ஆளுக்கும் வரும். ஆங்கிலத்தின் எர் செய்கிற வேலையைத் தமிழில் ஆன் செய்கிறது. அப்படியானால் ரப்பர் மரம் என்பதைப் பொருள் மாறாமல் தமிழில் சொன்னால் அழிப்பான் மரம் என்றுதான் வரும். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் உலகத்தில் எத்தனையோ பேர் அந்த மரத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

பெயரில் ஒட்டிய இந்தியா

வெறும் ரப்பர் என்றால் குழப்பம் வரும் என்று ஆங்கிலேயர்கள் அதை நெடுங்காலம் ‘இந்தியா ரப்பர்’ என்றார்கள். நம்மூரில் பழைய ஆட்கள் சிலர், தமிழர்கள் வந்து மரம் வெட்டியதால் அந்தப் பெயர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கொலம்பஸ் போய் இறங்கிய கரைகளை இண்டீஸ் என்று ஐரோப்பியர்கள் அழைத்தார்கள். அங்கிருந்து வந்த பொருள் என்பதால் இந்தியா ரப்பர். தமிழன் ஒருவன் உளியைக் கையில் எடுப்பதற்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்பே இந்தப் பெயர் லண்டன் கடைகளில் இருந்தது.

மரத்தோடு வாழ்ந்த மக்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின் 1736ல் தென்னமெரிக்காவிலிருந்து இந்தப் பொருளின் மாதிரியைப் பாரிஸுக்கு அனுப்பினார். ஓரிடத்து மக்கள் மரத்தை ‘ஹேவே’ என்கிறார்கள், இன்னோரிடத்து மக்கள் அதன் பிசினைக் ‘கௌச்சூ’ என்பதுபோல் சொல்கிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். முதல் சொல்லிலிருந்துதான் மரத்தின் அறிவியல் பெயரான ஹேவியா வந்தது. இரண்டாவது சொல் பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன், ரஷ்யன் என்று பல மொழிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆக, மரத்தின் சொந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயரை ஏற்றுக்கொண்ட மொழிகள் உண்டு. ஆங்கிலம் அதை எடுக்காமல் அழிப்பான் என்று பெயர் வைத்தது. நாம் ஆங்கிலத்தின் வழியில் போனவர்கள்.

1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கிட்டத்தட்ட 70,000 விதைகளைக் கப்பலேற்றியதும், லண்டன் கியூ தோட்டத்தில் அவற்றில் சிறு பங்கு மட்டும் முளைத்ததும், 1877ல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது நம் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்ததும் இங்கே எல்லோரும் படித்த கதை. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போய் அதன் முன்னால் நின்று படம் எடுக்காத சுங்கை சிப்புட் பிள்ளை குறைவு. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவிச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்த பிறகுதான் தோட்டங்கள் பெருகின. அதற்கப்புறம்தான் கங்காணிகள், கப்பல்கள், நம் பாட்டன் பூட்டன்கள்.

விகுதி யார் தலையில் உட்கார்ந்தது

இந்த எர் விகுதியைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எனக்கு ஆத்திரம் வருகிற இடமும் இதுதான். தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் ‘பிளாண்டர்’ என்று பெயர். பிளாண்ட் என்றால் நடு. நட்டவர் என்று பொருள் தருகிற சொல். காட்டை வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கன்றைத் தோளில் சுமந்துபோய் நட்டவர்கள், அதைச் சுற்றிப் புல் எடுத்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். குதிரையிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் வந்து மேற்பார்வை பார்த்தவருக்கு நட்டவர் என்ற பட்டம் போனது. கையால் நட்டவருக்கு அந்த மொழியில் கிடைத்த பெயர் கூலி. அது தமிழிலிருந்தே போயிருக்கும் என்று அகராதிக்காரர்கள் பலர் கருதுகிற சொல். அதில் நடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை, சம்பளம் மட்டும் இருக்கிறது.

‘டேப்பர்’ என்ற சொல் மட்டும் தொழிலாளிக்கு வந்த எர். டேப் என்றால் பீப்பாயில் அடிக்கும் அடைப்பு. அதைத் திறந்து ஒழுகவிடுவதும் டேப். மரத்தைப் பீப்பாயாகப் பார்க்கிற சொல் அது. ஒழுகி வருவதில்தான் அதன் கண் இருக்கிறது. நம் ஆட்கள் வெட்டு என்றும் சீவு என்றும் சொன்னார்கள். அந்தச் சொற்களின் கண் உளி பிடித்த கையில் இருக்கிறது.

அந்தக் கை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேர்க்குத்தாக நிற்பதில்லை. கீழிருந்து மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாய்கின்றன. அதனால் இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்து வெட்டினால் அதிக நாளங்கள் அறுபடும், அதிகம் பால் வரும். ஒரு வெட்டில் எடுக்கிற பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. உளி பட்டையைத் தாண்டி ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். பட்டை பிறகு முண்டு முண்டாக வளரும், அந்த இடத்தில் மறுபடியும் ஒழுங்காக வெட்ட முடியாது. விடியும் முன்பே வெட்டியாக வேண்டும், வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறைந்துவிடும். நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே ஆள் இந்த மில்லிமீட்டர்க் கணக்கைத் தப்பாமல் செய்ய வேண்டும். பெண்களும் பெருமளவில் செய்தார்கள். இதைத் திறமையில்லாத வேலை என்று எழுதிவைத்த அறிக்கைகளைப் படிக்கும்போது, எழுதியவர் ஒரு விடியற்காலை உளி பிடித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைப்பேன்.

பெரியம்மா பிரித்த கணக்கு

அந்தப் பெண்ணின் பாட்டியை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் என் அம்மாவோடு நின்றவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் காலியாகி, எல்லோரும் டவுன் பக்கம் வந்த பிறகும் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து விட்டுப்போகவில்லை. பேத்தியின் கட்டுரை விஷயத்தைப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கித்தா, ரப்பர் இரண்டில் அவர் எதைச் சொல்வார் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான், பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்ற கணக்கு என் மனத்தில் இருந்தது. ஊரில் எல்லோர் மனத்திலும் இருக்கிற கணக்கு அதுதான்.

பெரியம்மா என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ரெண்டும் எப்படித் தம்பி ஒண்ணாகும்?” என்றார். அப்புறம் விரல் மடக்கிச் சொன்னார். “மரம் கித்தா மரம். வேலைக்குப் போறதும் கித்தா வெட்டத்தான். மரத்துல கட்டியிருக்குற மங்குல விழுறது பாலு. வெட்டுன கோட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குமே, மறுநாளு வெட்டுறதுக்கு முன்னாடி உரிச்சு எடுப்போம், அது ஒட்டுப்பாலு. மங்குலயே கெடந்து கட்டியாயிட்டா கட்டிப்பாலு. ஸ்டோருல ஊத்தி, கணக்குப்புள்ள கிராணி அளந்து எழுதி, மருந்து போட்டு, மிஷின்ல வுட்டு எடுத்தா ஷீட்டு. அதப் பொகையில போட்டுக் காயவெச்சு, கட்டுக்கட்டா லாரியில ஏத்தி, லாரி கேட்டத் தாண்டுச்சுன்னா, அப்பத்தான் அது ரப்பரு.”

நான் மறுபடியும் கேட்டேன். உள்ளே இருக்கும்போது யாரும் ரப்பர் என்று சொல்ல மாட்டார்களா? “கிராணி சொல்லுவாரு, தொர சொல்லுவாரு. அவங்க விக்கிறவங்க. ரப்பர் வெல ஏறுச்சு எறங்குச்சுன்னு பேசுவாங்க. நமக்கு எங்க அது? நம்ம கணக்கு பாலோட முடிஞ்சிரும்.”

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பெரியம்மா கொடுத்தது ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இல்லை. ஒரு பொருள் கை மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் அதற்கு என்ன பெயர் என்ற முழு வரிசை. அந்த வரிசையில் ரப்பர் என்ற சொல் கடைசியில், வெளி கேட்டில் நிற்கிறது. லண்டனில் நேர்ன் கடையில் மூன்று ஷில்லிங் கொடுத்து வாங்கியவர்களிடம் பிறந்த சொல் அது என்று நூலில் படித்திருந்தேன். வாங்குபவர் உலகத்தில் பிறந்த சொல் வாங்குபவர் உலகத்துக்குப் போகிற லாரியில்தான் ஏறும் என்பதைப் பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண்மணி தன் பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கிறார். சொற்களை இவ்வளவு துல்லியமாக ஆள்கிறவருடைய பேச்சைத்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறோம். “என் பாட்டி கித்தா வெட்டினார்” என்று பேத்தி எழுதியது சரியான வாக்கியம். “என் பாட்டி இரப்பர் வெட்டினார்” என்பது, பெரியம்மாவின் தமிழில், நடக்க முடியாத காரியம்.

கேட்டைத் தாண்டிய பிறகு

கேட்டைத் தாண்டியபின் அதற்கு மேலும் பெயர்கள் ஏறுகின்றன. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839ல் கந்தகத்தையும் சூட்டையும் சேர்த்தால் இந்தக் குறை தீர்கிறது என்று கண்டார். அவருடைய மாதிரிகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் கைக்குப் போய், ஹான்காக் தானும் ஆராய்ந்து, அங்கே முந்திக்கொண்டு காப்புரிமை பதிந்தார். அந்த வேலைக்குப் பெயர் வைத்தவர் ஹான்காக்கின் ஓவிய நண்பர் பிராக்கெடன். நெருப்பும் கந்தகமும் இருப்பதால் ரோமர்களின் நெருப்புத் தெய்வமான வல்கனை எடுத்து, ‘ஐஸ்’ விகுதியைச் சேர்த்து வினையாக்கினார்கள். அதன் மேல் ‘ஏஷன்’ விகுதியை ஏற்றித் தொழிற்பெயர் ஆக்கினார்கள். வல்கனைசேஷன். ஐஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, ஏஷன் லத்தீனிலிருந்து வந்தது. விகுதி மேல் விகுதி அடுக்குகிற இந்தக் கட்டுமானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைத்ததில்லை. டயர் ஒட்டுகிற கடைப் பலகையில் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

இதோடு கித்தாவின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கித்தா தோட்டத்து வாயில் திரிந்த கொச்சை என்கிறவர்கள் இதைக் கேட்டதில்லை. மலாயில் கெத்தா என்றால் மரத்துப் பால், பிசின். ரப்பர் மரம் இங்கே வருவதற்கு முன்பே இந்தக் காடுகளில் தபான் என்ற மரத்திலிருந்து ஒரு பிசின் எடுத்தார்கள். மலாயில் கெத்தா பெர்ச்சா. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி 1843ல் அதை லண்டனுக்கு அனுப்பினார். தண்ணீருக்குள் கெடாத பொருள் என்று தெரிந்ததும் அதைக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டார்கள். 1851ல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பி, பிறகு அட்லாண்டிக் கடலைத் தாண்டிய கம்பி எல்லாவற்றுக்கும் அதுதான் உறை. ரப்பர்போல் சீவி எடுக்காமல் மரத்தையே சாய்த்து எடுத்ததால் தபான் காட்டில் அரிதாகிப் போனது தனிச் சோகம். ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை அப்படியே வாங்கி, லத்தீனில் துளி என்று பொருள்படும் குட்டாவின் சாயலில் எழுதி, குட்டா பெர்ச்சா என்று அகராதியில் ஏற்றினார்கள். அவர்கள் நாக்கில் கெத்தா குட்டா ஆனது. நம் நாக்கில் அது கித்தா ஆனது. திரிந்தது இரண்டும்தான். குட்டாவை ஆங்கில அகராதி வைத்துக்கொண்டது. கித்தாவை நம் பிள்ளைகளின் கட்டுரையிலிருந்து நாமே அடிக்கிறோம்.

கட்டுரையைத் திருத்திய ஆசிரியரிடம் இதையெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனுஷி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படித்தால் புரிய வேண்டும் அல்லவா, பொதுத்தமிழ் என்று ஒன்று வேண்டும் அல்லவா என்றார். வேண்டும்தான். ஆனால் பொதுத்தமிழ் என்பது எல்லா ஊர்த் தமிழும் போய்ச் சேருகிற இடமாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். தஞ்சாவூர்க்காரர் நெல்லுக்கும் வைக்கோலுக்கும் உமிக்கும் நொய்க்கும் வைத்திருக்கிற சொற்களை யாரும் வட்டார வழக்கு என்று அடிப்பதில்லை. அவை விவசாயச் சொற்கள் என்று மதிக்கப்படுகின்றன. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் மங்கும் பெரட்டும் அதே மாதிரித் தொழிற்சொற்கள். மலேசியத் தமிழர்கள் நூறு வருட உழைப்பில் தமிழுக்குச் சேர்த்தவை. முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் சென்னைக்காரருக்கும் புரியும், யாழ்ப்பாணத்துக்காரருக்கும் புரியும். பாட்டியின் பேச்சாக மேற்கோளுக்குள் போட்டால் விட்டுவிடுகிறேன், கதை சொல்கிற வரியில் வேண்டாம் என்று ஆசிரியர் ஒரு சமாதானம் சொன்னார். எனக்கு அது போதவில்லை. பேத்தி தன் சொந்த வரியில், மேற்கோள் குறி இல்லாமல் எழுத வேண்டும். அதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.

இதற்கிடையில் நான் ஒரு நோட்டில் சொற்களைக் குறித்துவர ஆரம்பித்திருக்கிறேன். பெரியம்மாவும், அவருடன் வேலை செய்த இன்னும் சிலரும் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அங்கேதான் புதுச் சிக்கல். பெரியம்மா வெட்டு என்கிறார். கோல சிலாங்கூர்ப் பக்கத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த அவருடைய நாத்தனார் சீவு என்கிறார். “வெட்டுனா மரமே சாஞ்சிரும் அண்ணி, சீவுறதுதான் சரி.” “சீவுறதுக்கு அது என்ன தென்னம்பாளையா?” இருவரும் ஒரு மத்தியானம் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் எழுதி, எந்தத் தோட்டம் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். மங்கு என்பதை அவர்கள் பக்கம் கோப்பை என்பார்களாம்; அதற்கு இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.